பன்னிரண்டாம் கதிரை

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து நண்டு ஓடிய மணல் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாற்றம். போன கிழமைப் பத்திரிகைக்கு "கரைவலை" என்று எழுத நினைத்து "கறைவலை" என்று எழுதிவிட்டேன். அது அப்படியே அச்சில் வந்தது. எங்கள் ஊரில் அதைப் படித்த ஒருவர், கறை போக வலையைத் தோய்க்கச் சொல்லி எனக்கு ஒரு கட்டி சவுக்காரம் அனுப்பினார். பிழை என்னுடையது. அச்சுக்கு அடித்த பிள்ளைகளைக் கோபிக்க வேண்டாம்.

இந்தக் கிழமை பிழை இன்னும் கூடத்தான் இருக்கும். சொல்லப் போகிற விசயத்தை நினைத்தாலே கை முந்தி ஓடுகிறது.

அன்று பெரிய வியாழன். ஓலைத்தொடுவாயில் எங்கள் கோயிலில் மாலைப் பூசை. பீடத்துக்கு முன்னால் சனங்களைப் பார்த்தபடி பன்னிரண்டு கதிரைகள். கடைசிக் கதிரையில் நான். வெள்ளை வேட்டி, மகன் வாங்கித் தந்த சேட்டு, வெறுங்கால். ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பாதர் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவுகிற நேரம் அது. அவர் முதலாம் கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டார். பித்தளைச் செம்பிலிருந்து தண்ணீர் சட்டிக்குள் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. பாடகர்கள் பாடுகிறார்கள்.

நான் சட்டியையும் பார்க்கவில்லை, பாதரையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் நாலாவது வரிசை வாங்கில் இருந்த ஒரு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் இளகினால் என் தோழனின் மகளுக்குக் கலியாணம். இளகாவிட்டால் இல்லை.

அது எப்படி என்று சொல்ல, கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

ஊர் வைத்த கணக்கு

அந்தப் பன்னிரண்டு கதிரைக்கும் எங்கள் ஊர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முதலாவது, சீடர்களுக்குத் தலைவரான இராயப்பர். அதில் இருக்க ஆட்கள் முண்டியடிப்பார்கள். நடுவில் இருப்பவை யாருக்கும் நினைவில்லாத அப்போஸ்தலர்கள். பன்னிரண்டாவது, முப்பது காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசு. பூசைப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எந்தப் பாதரும் சொன்னதும் இல்லை. ஊர் சொல்லும், அவ்வளவுதான்.

என் தோழன் சந்தியோகுவும் நானும் ஒரே படகில் தொழில் செய்கிறவர்கள். பல வருசங்களுக்கு முந்தி, நான் தொழிலுக்குப் போகாத ஒரு பெரிய வியாழன் அன்று அவனுடைய எஞ்சின் கடலில் நின்றுவிட்டது. துடுப்பு வலித்து, கரை சேர்ந்து, ஈரச் சாரத்தை மாற்றி, அவன் கோயிலுக்குள் ஓடி வந்தபோது பதினொரு கதிரையும் நிரம்பிக் கிடந்தது. மிஞ்சியதில் இருந்தான்.

மறுநாளே கடற்கரையில் தொடங்கிவிட்டார்கள்.

"என்ன யூதாசு, முப்பது காசையும் என்ன செய்தனீ?"

"எஞ்சினுக்கு எண்ணெய் அடிச்சிட்டன். உனக்கும் வேணுமோ?"

அவன் சிரித்தபடி பதில் சொன்னதால் பெயர் ஒட்டிக்கொண்டது. கோபித்திருந்தால் ஒரு கிழமையில் விழுந்திருக்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் தவக்காலம் தொடங்கினால் கோயில் மூப்பர் அவனிடம் வருவார். "சந்தியோகு, உன்ர கதிரை இருக்கு, மறந்துபோகாத" என்பார். வேறு ஒருவரும் அதில் இருக்க மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும். வந்து இருப்பான்.

நண்டு வாங்க எருக்கலம்பிட்டியிலிருந்து வருகிற முஸ்லிம் நானாவுக்கு அது பட்டப்பெயர் என்றே தெரியாது. ஞானஸ்நானப் பெயர் என்று நினைத்து, மரியாதையாக "யூதாசு அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் என்னைத் தனியே கேட்டார்: "நல்ல பேரா இருக்கு. ஏன் உங்கட ஆக்கள் வேற ஒருத்தருக்கும் இதை வைக்கிறேல்ல?" நான் கூடையில் கிடந்த நண்டை எண்ணத் தொடங்கினேன். பேச்சு எனக்கு எப்போதும் வராது.

கேட்காமல் போன ஓம்

என் கூச்சத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவன் இல்லை. செபமாலை வீட்டுக்கு வீடு போகிற மாதத்தில், நான் செபம் சொல்ல வேண்டிய முறை வரும் வீட்டுக்கு நான் நேரம் பிந்தித்தான் போவேன். எங்கள் கலியாணப் பூசையில், இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறீரா என்று அப்போதிருந்த பாதர் கேட்டார். நான் "ஓம்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். என் மனைவி லூர்து முக்காட்டுக்குள் இருந்தபடி, "அவர் ஓமெண்டிட்டார் பாதர், நீங்கள் மற்றதைச் சொல்லுங்கோ" என்றாள். இன்றைக்கும் ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவன் கோயிலில் சனங்களுக்கு முகம் காட்டி இருந்தான் என்றால் காரணம் இருக்க வேண்டும்.

வாடியில் கேட்ட செய்தி

பெரிய கிழமைக்கு முதல் கிழமை. காலையில் கரையில் வாடிக் கொட்டில் நிழலில் இருந்து, வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

"மச்சான், இந்தமுறை பெரிய வியாழனுக்கு நான் வரேல்ல" என்றான் சந்தியோகு.

நண்டு கடித்துவிட்டதோ என்று நினைத்தேன். குரல் அப்படி இருந்தது.

"ஏன்டாப்பா?"

"கதிரைக்கு வேற ஆரையும் பாக்கட்டும். ஜெனிற்றாவின்ர சம்மந்தம் நிண்டுபோச்சு."

ஜெனிற்றா அவனுடைய ஒரே மகள். மாப்பிள்ளை விடத்தல்தீவுப் பொடியன். எங்கள் கரைக்கு ஐஸ் லொறி கொண்டு வருகிறவன். இரண்டு பேருக்கும் விருப்பம். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் மாமன், மன்னார் பஸ் நிலையத்தில் யாரிடமோ, சந்தியோகு எப்படி ஆள் என்று விசாரித்திருக்கிறார். "எந்தச் சந்தியோகு? ஓ, யூதாசோ?" என்று அந்த ஆள் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதுவே போதுமாக இருந்தது.

எங்கள் ஊரில் அந்தப் பெயர் ஒரு பகிடி. மாப்பிள்ளையின் தாய் திரேசம்மாவுக்கு அப்படி இல்லை. சண்டைக் காலத்தில் அவருடைய தம்பியை ஒரு தலையாட்டி காட்டிக்கொடுத்தான். தலையாட்டி என்றால், முகத்தை மூடிக்கொண்டு வாகனத்துக்குள் இருந்து, வரிசையில் போகிறவர்களைப் பார்க்கிறவன். அவன் தலை ஆடினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். தம்பி திரும்பி வரவில்லை. அந்த அம்மாவிடம் போய், பெண்ணின் தகப்பனுக்கு ஊரில் யூதாசு என்று பெயர் என்றால் என்ன நடக்கும்?

"அது கதிரையால வந்த பேர் எண்டு நீ போய்ச் சொல்லன்" என்றேன்.

"சொன்னனான். காட்டிக்குடுத்தவன் எல்லாரும் ஒரு கதை வச்சிருப்பான் எண்டு மனிசி சொல்லிப்போட்டுது."

அவன் ஒரு நண்டின் காலை முறித்துவிட்டான். காலில்லாத நண்டுக்கு விலை குறைவு. அவன் ஒருநாளும் முறிக்கிறவன் இல்லை.

"பொடியன் தாயோட மல்லுக்கட்டி, ஒருக்கா வந்து கண்ணால பாருங்கோ எண்டு கேட்டிருக்கிறான். பெரிய வியாழன் பூசைக்கு இஞ்ச கூட்டிக்கொண்டு வாறானாம்."

"நல்லதுதானே. நீ கதிரையில இருக்க அவ காணட்டும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "மச்சான், இவ்வளவு காலமும் சிரிச்சுக்கொண்டு இருந்தனான். அந்த மனிசிக்கு முன்னால, என்ர பிள்ளைக்கு முன்னால, நான்தான் யூதாசு எண்டு போய் இருந்து காட்டோணுமோ?"

மிச்ச நண்டுகளைக் கழற்றினோம்.

ஆள் தேடிய மூப்பர்

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைத் தேடி அல்ல. நடந்து களைத்து, தேத்தண்ணி குடிக்க வந்தார்.

"பதினொரு பேர் சரி. அந்த ஒரு கதிரைக்கு ஆளில்லை" என்றார். "ஒருத்தனுக்கு முழங்கால் வருத்தமாம். ஒருத்தன் அண்டைக்கெண்டு மடு மாதா கோயிலுக்குப் போறானாம். இன்னொருத்தனுக்கு வியாழக்கிழமை காய்ச்சல் வருமாம். ஞாயிற்றுக்கிழமையே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"பதினொரு அப்போஸ்தலரோட பாதர் காலைக் கழுவுவாரோ?" என்று லூர்து கேட்டாள்.

நான் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். "நான் இருக்கிறன்" என்றேன்.

மூப்பர் தேத்தண்ணியை ஊதினார்.

"அவர் இருக்கிறாராம்" என்றாள் லூர்து.

"எங்க இருக்கிறார்?"

"கதிரையில."

மூப்பர் என்னைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்தார். "பகிடி விடாத பிள்ளை. இவன் பூசைக்கே தூணுக்குப் பின்னால நிண்டு பாக்கிறவன்."

அவர் போன பிறகு லூர்து என் பக்கத்தில் வந்து இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். வலையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கட பொடியள் ரெண்டு பேரும் கலியாணம் முடிச்சிட்டாங்கள். இனி அந்தப் பேர் வந்து எங்களை என்ன செய்யப்போகுது. ஆனா ஒண்டு. அந்த மனிசிக்குப் பின் வாங்கில நான் இருப்பன்."

அன்று இரவு எனக்கு ஒரே சந்தோசம். ஏன் என்று தெரியவில்லை. பெரிய மீன் கூட்டம் ஒன்றைத் தூரத்தில் கண்டுவிட்டு, விடியும் வரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பது போல இருந்தது. சந்தியோகுவுக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டான்.

திரும்பவும் கதிரை

வியாழக்கிழமை பின்னேரம் லூர்து என் காலைத் தேங்காய்த் தும்பு போட்டு உரஞ்சினாள். பாதர் கழுவப் போகிற காலை வீட்டில் வைத்து நன்றாகக் கழுவிக்கொண்டு போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். திருக்கை மீன் முள் குத்திய பழைய தழும்பு மட்டும் போகவில்லை.

நான் நேரத்தோடு போய், நேரே பன்னிரண்டாம் கதிரையில் இருந்தேன். மற்றப் பதினொன்றும் அப்போது வெறுமையாகக் கிடந்தன. உள்ளே வந்தவர்கள் நின்று நின்று பார்த்தார்கள்.

"வஸ்தியான், முன்னுக்குக் கதிரை சும்மா கிடக்கு. அங்க போவன்" என்றார் ஒருவர்.

"எனக்கு இது காணும்" என்றேன்.

பிறகு திரேசம்மா வந்தார். மெலிந்த ஆள். மகன் கூட்டிவந்து நாலாவது வாங்கில் இருத்தினான். சொன்னபடியே லூர்து பின் வாங்கில் போய் இருந்தாள். ஜெனிற்றா பாடகர்களோடு நின்றாள். சந்தியோகுவைக் காணவில்லை.

இதுதான் நான் முதலில் சொன்ன இடம். பாதர் முதலாம் கதிரையில் குனிந்துவிட்டார். பாட்டுச் சத்தத்தில் அங்கே பேசுவது எனக்குக் கேட்காது. கண்ணால் மட்டும் பார்த்தேன். திரேசம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைக் காட்டி, வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். திரேசம்மா என்ன என்று பார்க்கிறார். லூர்து முன்னால் சாய்ந்து அவர் காதில் ஏதோ சொல்கிறாள். அவர் திரும்பவில்லை. லூர்து இன்னும் சொல்கிறாள். கையால் கதிரை மாதிரிக் காட்டுகிறாள். இப்போது திரேசம்மா என்னைப் பார்க்கிறார். என் முகத்தை, பிறகு என் காலை, பிறகு திரும்பவும் முகத்தை.

தூண்டில் கயிறு விரலில் மெல்ல அசைகிறபோது, இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. அப்படி இருந்தேன்.

பாதர் புதியவர். எங்கள் பங்குக்கு வந்து கொஞ்ச மாதம்தான். அதனால் ஒவ்வொருவர் காலைக் கழுவும்போதும் நிமிர்ந்து, மெதுவாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். கழுத்தில் செருகியிருந்த சின்ன மைக்கை நிறுத்த மறந்துவிட்டார். பதினொரு பேரின் பெயரும் ஒலிபெருக்கியில் போயிருக்கிறது. என் கவனம் நாலாவது வாங்கில் இருந்ததால் எனக்கு அது பிடிபடவே இல்லை.

காலில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தது.

"பேர் என்னய்யா?"

"யூதாசு, பாதர்."

நினைத்துச் சொன்னதல்ல. அந்த நேரம் மனதில் இருந்த ஒரே சொல் அதுதான். அது கோயில் முழுக்கக் கேட்டது. கடலைப் பார்த்தபடி முகப்பில் கட்டியிருக்கிற குழாயிலும் போய், கரையில் நின்றவர்களுக்கும் கேட்டதாம்.

பாட்டு பாதியில் நின்றது. பிறகு பின் கதவடியிலிருந்து ஒரு சிரிப்பு. மூடுபனியில் படகு தெரியாத நாளிலும் அந்தச் சிரிப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். சந்தியோகு வந்து பின்னால் நின்றிருக்கிறான். அவன் தொடங்க, கோயிலே சிரித்தது. பெரிய வியாழன் பூசையில் எங்கள் சனம் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பாதர் சிரிக்கவில்லை. என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. செம்பைச் சரித்து என் காலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். "யூதாசின்ர காலையும் ஆண்டவர் கழுவினவர்தான்" என்றார். அதுவும் மைக்கில் போனது. சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் துடைத்துவிட்டு, குனிந்து, தழும்பு இருந்த இடத்தில் முத்தமிட்டார்.

நான் நாலாவது வாங்கைப் பார்த்தேன். திரேசம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று லூர்து பிறகு சொன்னாள்.

கோயில் வளவில்

பூசை முடிந்து வெளியே வந்தபோது திரேசம்மா வேம்புக்குக் கீழே எனக்காக நின்றார். ஓடத்தான் நினைத்தேன். லூர்து சேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களோ யூதாசு?" என்று கேட்டார்.

"இண்டையில இருந்து நான்தான் அக்கா."

"நேற்று வரைக்கும்?"

"சந்தியோகு. கதிரையில இருக்கிற ஆளுக்குப் பேர். வேற ஒண்டும் இல்லை."

"இனி ஊர் முழுக்க உங்களை அப்பிடிக் கூப்பிடுமே."

எனக்குப் பின்னால் யாரோ கத்தினார்கள்: "யூதாசண்ணை, அது என்ர செருப்பு. கழட்டிப்போட்டுப் போங்கோ."

திரேசம்மா என் காலைப் பார்த்தார். செருப்பு ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. அவர் உதடு அசைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்ர தம்பி போனதில இருந்து அந்தச் சொல் காதில விழுந்தாலே எனக்கு வயிறு பத்தும். அதைச் சொல்லிச் சிரிக்கிற ஒரு ஊரை இண்டைக்குத்தான் காணுறன்."

அவ்வளவுதான். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகனோடு போய்விட்டார். பெரிய வெள்ளியும் போனது. உயிர்ப்பு ஞாயிறும் போனது. ஐஸ் லொறியில் வேறு ஒருவன் வந்தான். சந்தியோகு படகில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலை மட்டும், எஞ்சினை முடுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், "உனக்கு விசர் பிடிச்சிட்டுது மச்சான்" என்றான்.

தட்டோடு வந்தவர்கள்

உயிர்ப்புக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சாரத்தோடு முற்றத்தில் இருக்கிறேன். லூர்து அடுப்படியில் மீன் பொரிக்கிறாள். ஒரு வான் வந்து எங்கள் வேலிப் படலையடியில் நின்றது. உள்ளிருந்து ஆட்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பட்டுச் சேலை, வேட்டி, கையில் தட்டுகள். வாழைப்பழம், பலகாரம், பூ.

முன்னால் வந்த பெரியவர், "யூதாசின்ர வீடு இதுதானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். பொய் இல்லை.

அவர் தட்டை என் கையில் தந்தார். தொண்டையைச் செருமினார். "நாங்கள் விடத்தல்தீவில இருந்து வாறம். உங்கட மகளைப் பொம்பிளை கேட்டு வந்திருக்கிறம்."

லூர்து அகப்பையோடு வெளியே வந்தாள். "எங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளையே இல்லையே" என்றாள்.

பெரியவர் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார். அவர்தான் பஸ் நிலையத்தில் விசாரித்த மாமன். சந்தியோகு என்ற பெயர் அவருக்கு மறந்து, மற்றது மட்டும் நினைவில் நின்றிருக்கிறது. சந்தியில் அதைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். ஊரும் ஒழுங்காக என் வீட்டைக் காட்டிவிட்டது.

வானிலிருந்து கடைசியாகத் திரேசம்மா இறங்கினார். என்னையும், என் கையில் இருந்த தட்டையும் பார்த்தார். படலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அவரால் நிறுத்த முடியவில்லை. "அண்ணை, அது இவையில்லை. அந்தப் பேர் வீடு மாறிட்டுது" என்றார்.

நான் சேட்டுக்கூடப் போடவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். மணல் ஒழுங்கைப் பாதையில் எனக்குப் பின்னால் அத்தனை சனமும். வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. சந்தியோகுவின் படலை சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்ததால் என்னால் படலையைத் தட்ட முடியவில்லை.

அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன்:

"சந்தியோகு, கதவைத் திற. உன்னைத்தான் தேடி வந்திருக்கினம்."

எழுதியது: வைகாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நவநாள் பூசைக்குப் போய் வந்த பிறகு.